‘நுகர்வு’ என்ற சொல்லும் பிரிட்ஜ் மெக்கானிக்கும்

ஓசோன் கதை நமக்கெல்லாம் மனப்பாடம். பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். செப்டம்பர் 16 வந்தால் பேப்பரில் ஒரு பெட்டிச் செய்தியாவது கண்ணில் பட்டிருக்கும். பூமிக்கு மேலே ஒரு குடை. பிரிட்ஜிலும் ஏசியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த வாயு அதில் ஓட்டை போட்டது. விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். உலக நாடுகள் 1987இல் மான்ட்ரியலில் கூடிக் கையெழுத்துப் போட்டன. ஓட்டை இப்போது மூடிக்கொண்டு வருகிறது. சுபம்.

சூழலியல் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கதை மேல் தனிப் பிரியம் உண்டு. காடு, ஆறு, காற்று என்று எதை எடுத்தாலும் முடிவு அழுகைதான். இது ஒன்றுதான் நல்லபடியாக முடிந்த கதை. அதனாலேயே இதை யாரும் நிதானமாக உட்கார்ந்து, ஒரு கதையை வாசிக்கிற மாதிரி வாசிப்பதில்லை. யார் சொல்கிறார், எங்கே நின்று பார்த்துச் சொல்கிறார், கதைக்குள் வராமலே போனவர் யார் என்று கேட்பதில்லை. ஒரு நாவலை இப்படிக் கேள்வி கேட்காமல் விடுவோமா? மான்ட்ரியல் ஒப்பந்தமும் ஒரு பிரதிதான். உலகின் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட பிரதி. கூடுதலாகவே கேட்கலாம்.

ஒப்பந்தம் தோற்றது என்று நான் சொல்ல வரவில்லை. அது ஜெயித்தது. எந்த அளவுக்கு என்றால், 2022ஆம் ஆண்டின் விஞ்ஞான மதிப்பீட்டின்படி இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் சுமார் 2040இல், ஆர்க்டிக்கில் சுமார் 2045இல், அண்டார்க்டிகாவில் சுமார் 2066இல் ஓசோன் 1980இன் அளவுக்குத் திரும்பிவிடும். என் கேள்வி அந்த வெற்றியை எப்படிக் கதையாக்கினோம் என்பது பற்றியது. அப்படிக் கதையாக்கியதில் யார் விடுபட்டார், அதனால் என்ன நஷ்டம் என்பது பற்றியது.

*

ஓசோன் கதைக்கு மூன்று வடிவங்கள் உண்டு.

முதல் வடிவம் விஞ்ஞானிகளின் கதை. 1974இல் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் ‘நேச்சர்’ இதழில் எழுதுகிறார்கள்: தரையில் எதனோடும் சேராமல் சாதுவாக இருக்கும் சிஎஃப்சி வாயு, மேலே போனதும் புறஊதாக் கதிரில் உடைந்து குளோரினை விடும், அந்தக் குளோரின் ஓசோனைத் தின்னும். ஒரு குளோரின் அணு ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறு வரை காலி பண்ணும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கம்பெனிகள் நம்ப மறுக்கின்றன. 1985இல் ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் அண்டார்க்டிகாவின் ஹாலி தளத்தில் எடுத்த அளவுகளை வெளியிடுகிறார்கள். 1995இல் மொலினா, ரோலண்ட், பால் க்ருட்ஸன் மூவருக்கும் நோபல். நல்ல கதை. நாயகர்கள் தகுதியானவர்கள்.

இரண்டாவது, வில்லன் கதை. தாமஸ் மிட்ஜ்லி. பெட்ரோலில் ஈயம் கலந்தவரும் இவரே, 1928இல் தன் குழுவோடு சிஎஃப்சியைக் குளிர்பதனத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே. கடைசியில் போலியோவால் படுத்த படுக்கையான பிறகு, தன்னைத் தூக்கி உட்காரவைக்கத் தானே செய்த கயிற்றுக் கருவியில் சிக்கி 1944இல் இறந்தார். இணையத்தில் இந்தக் கதை சுற்றாத நாளில்லை. கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் நியாயமில்லாதது. அன்றைக்கு பிரிட்ஜில் ஓடியது சல்ஃபர் டை ஆக்ஸைடும் அம்மோனியாவும் மெத்தில் குளோரைடும். லீக் ஆனால் மூச்சு முட்டும், ஆள் சாகும். மிட்ஜ்லி 1930இல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் தன் புது வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, வெளியே ஊதி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமில்லை, தீப்பிடிக்காது என்று ஒரே மூச்சில் நிரூபித்தார். வீட்டுக்குள் பிரிட்ஜ் பயமில்லாமல் வந்தது அந்த மூச்சால்தான்.

மூன்றாவது, ராஜதந்திரிகளின் கதை. அமெரிக்கத் தரப்பின் தலைமைப் பேச்சாளராக இருந்த ரிச்சர்ட் பெனடிக் 1991இல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே ‘ஓசோன் டிப்ளமஸி’. மேஜை, வரைவு, இரவு முழுக்கப் பேச்சு, காலையில் ஒப்பந்தம்.

மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஆய்வகம் இருக்கிறது, அண்டார்க்டிகா இருக்கிறது, மாநாட்டுக் கூடம் இருக்கிறது. வாயுவைக் கையால் தொட்டவன் எங்கே? குழாயை வெட்டியவன், பற்றவைத்தவன், சிலிண்டரைத் திறந்தவன்? ‘வாயுவை மாற்றினார்கள்’ என்று எல்லாக் கதையும் சொல்கிறது. யார் மாற்றினார்கள் என்று எழுவாயைத் தேடினால் காணோம். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் எழுதலாம், சௌகரியம்தான். ஆனால் வேலையைச் செய்த ஆள் இருந்திருக்கத்தானே வேண்டும்?

*

இனி பிரதிக்கு வருவோம். ஒப்பந்தத்தின் முதல் பிரிவு சொற்களுக்குப் பொருள் சொல்கிற பிரிவு. வழக்கமாக யாரும் படிக்காமல் தாண்டிப் போகிற பக்கம். முக்கியமான விஷயம் அங்கேதான் இருக்கிறது.

‘நுகர்வு’ என்றால் என்ன? ஒப்பந்தத்தின்படி: ஒரு நாட்டின் உற்பத்தி, அதோடு இறக்குமதி, அதிலிருந்து ஏற்றுமதியைக் கழி. வருவதுதான் நுகர்வு. அவ்வளவுதான்.

இது எவ்வளவு கெட்டிக்காரத்தனமான வரையறை என்று முதலில் பாராட்ட வேண்டும். கோடிக்கணக்கான பிரிட்ஜ்களை யாரால் எண்ண முடியும்? தொழிற்சாலைகளை எண்ணலாம், துறைமுகத்தைப் பார்க்கலாம். இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்தவை மொத்தமே நான்கு கம்பெனிகள்: எஸ்.ஆர்.எஃப்., குஜராத் ஃப்ளூரோகெமிக்கல்ஸ், நவீன் ஃப்ளூரின், நம் மேட்டூரில் இருந்த கெம்ப்ளாஸ்ட் சன்மார். நான்கு வால்வை மூடினால் நாட்டின் சிஎஃப்சி நின்றது. அப்படியே நடந்தது. 1999இல் பன்னாட்டு நிதியத்திலிருந்து 82 மில்லியன் டாலர் இதற்காக ஒதுக்கப்பட்டது. வருடா வருடம் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்து, 2010இல் முடிக்க வேண்டிய கெடுவை 17 மாதம் முந்தி, 2008 ஆகஸ்ட் 1ஆம் தேதி இந்தியா நிறுத்தியது. ஆஸ்துமா இன்ஹேலருக்கு மட்டும் விதிவிலக்கு. இப்படிச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே முடிந்த அரசு வேலை என்று வேறு எத்தனையைச் சொல்ல முடியும்?

ஆனால் இந்த வரையறையின் மறுபக்கத்தைப் பாருங்கள். வாயு தொழிற்சாலைக் கேட்டைத் தாண்டிய நிமிஷத்திலேயே அது ‘நுகரப்பட்டாச்சு’. அதற்கப்புறம் அது சிலிண்டரில் இருக்கலாம், பிரிட்ஜுக்குள் இருபது வருஷம் சுற்றலாம், ஒருநாள் குழாய் வெடித்துக் காற்றில் கலக்கலாம். கணக்கில் எதுவும் மாறாது. ஏற்கெனவே செலவு எழுதியாகிவிட்டது. மெஷின்களுக்குள் மிச்சமிருக்கும் இந்த வாயுவை நிபுணர்கள் ‘பேங்க்’ என்கிறார்கள், வங்கி இருப்பு. ஒப்பந்தம் இந்த இருப்பை வெளியே விடக்கூடாது என்று எங்கேயும் கட்டாயப்படுத்தவில்லை.

தமிழில் நுகர்தல் என்றால் அனுபவித்தல், முகர்தலும்தான். ஒப்பந்தத்தின் நுகர்வில் இந்த இரண்டும் இல்லை. உண்மையிலேயே இந்த வாயுவை நுகர்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். குழாயில் வாயு மிச்சமிருக்கும்போது வெல்டிங் நெருப்பு பட்டால் அது உடைந்து, மூக்கைப் பிடுங்குகிற அமில நெடி கிளம்பும். ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, ஹைட்ரஜன் குளோரைடு, கொஞ்சம் பாஸ்ஜீனும். பெயர் தெரியாவிட்டாலும் நெடி எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். “மூஞ்சியத் திருப்பிக்கோ”ன்னு பையனிடம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்.

*

கதையைக் கீழே இருந்து பார்க்க ஒரு ஊர் வேண்டும். ஆர்.கே.பேட்டையை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். தறிச் சத்தம் கேட்கிற ஊர், தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குகிற ஊர். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரை இந்தத் திருத்தணி வட்டாரம் ஆந்திரத்தில் சித்தூர் மாவட்டத்தோடு இருந்தது. மேலே யாரோ காகிதத்தில் கோடு போடுவதும், கீழே பிழைப்பு தன் போக்கில் நடப்பதும் இங்கே புதுசில்லை. கோடை வந்தால் வெயில் பட்டியலில் வேலூரோடு திருத்தணி பெயரையும் டிவியில் சொல்வார்கள். பிரிட்ஜ் இங்கே ஆடம்பரம் என்று சென்னையில் உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. பெட்டிக்கடைக்காரருக்குப் பால் கெடாமல் இருக்க வேண்டும். தறியில் பகல் முழுக்க நின்றவருக்கு ராத்திரி தூக்கம் வர வேண்டும்.

இந்த மாதிரி ஊரில் பிரிட்ஜ் ரிப்பேர் எப்படி நடக்கும்? “அண்ணே, கூலிங்கே வரல” என்று போன் வரும். “கேஸ் போயிருக்கும்மா, வந்து பார்க்கிறேன்” என்பார். வந்து கம்ப்ரசர் அடியில் இருக்கும் குழாயை வெட்டுவார். மிச்சமிருக்கும் கேஸ் ‘புஸ்’ஸென்று போகும். லீக் இருக்கும் இடத்தைச் சோப்பு நுரை வைத்துக் கண்டுபிடிப்பார், பற்றவைப்பார். அடுத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்கம் பம்ப் போட்டு உறிஞ்ச வேண்டும். பம்ப் இல்லாதவர் பழைய கம்ப்ரசர் ஒன்றை வைத்துச் சமாளிப்பார். பிறகு கேஸ் ஏற்றுவார். எத்தனை கிராம்? தராசு இருந்தால் எடை. இல்லாவிட்டால் கை. திரும்பி வருகிற குழாயைத் தொட்டுப் பார்ப்பார், பனி எங்கே வரைக்கும் பிடிக்கிறது என்று பார்ப்பார், கரண்ட் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பார். சரியாக வரும். முப்பது வருஷக் கைப்பழக்கம்.

அந்தக் கை ஆர்-12க்குப் பழகிய கை. ஒப்பந்தம் மாற்றியது வாயுவை மட்டுமா? அந்தக் கையின் படிப்பையே மாற்றியது. ஆர்-12 போய் 134ஏ வந்தது. அதற்குப் பழைய மினரல் ஆயில் ஒத்துவராது, பாலியெஸ்டர் ஆயில் வேண்டும். அந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும். அதனால் பழைய கம்ப்ரசரை வைத்து ஒப்பேற்றிய வேக்கம் இனி போதாது. சில பிரிட்ஜ்களில் ஹைட்ரோகார்பன் வந்தது, ஐஸோபியூட்டேன். இது சமையல் கேஸின் சொந்தக்காரன், தீப்பிடிக்கும். ஆர்-12 போட்ட இடத்தில் எடைக்கு எடை பாதிகூட வேண்டாம். கைப்பழக்கத்தில் ஏற்றினால் கூடிவிடும். ஏசியில் ஆர்-22 போய் 410ஏ வந்தது. அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல். பழைய கேஜும் ஹோஸும் தாங்காது. அது இரண்டு வாயுக்களின் கலவை, சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் ஏற்ற வேண்டும். பிறகு ஆர்-32 வந்தது, லேசாகத் தீப்பிடிக்கும். ஆர்-290, அதாவது புரொபேன், நன்றாகவே தீப்பிடிக்கும்.

மிட்ஜ்லி 1930இல் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தது ஞாபகமிருக்கிறதல்லவா? தீ இல்லாத வாயு வேண்டும் என்று தொடங்கிய கதை ஒரு சுற்று சுற்றித் தீப்பிடிக்கும் வாயுவிடமே வந்து நிற்கிறது. விஞ்ஞானப்படி இது சரியான முடிவு. ஆர்-290 ஓசோனைத் தொடாது, வெப்பமாக்குவதும் ஒன்றுமில்லை என்கிற அளவுதான். கோத்ரெஜ் கம்பெனி 2012இலேயே இந்தியாவில் அந்த ஏசியை விற்க ஆரம்பித்தது. நான் கேட்பது ஒன்றுதான்: அபாயம் எங்கே போயிற்று? இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் இருந்த அபாயத்தை ஐந்தடி உயரத்துக்கு, மெக்கானிக்கின் முகத்துக்கு நேரே இறக்கி வைத்தோம். உலகத்துக்கு நல்லது, சரி. அப்படியானால் அந்த ஆளுக்குப் பயிற்சியும் கருவியும் கொடுப்பது தர்மம் இல்லை, கடன்.

பயிற்சியே கொடுக்கவில்லை என்று எழுதினால் அது பொய். சுவிஸ், ஜெர்மன் உதவியோடு ஈகோஃப்ரிக் திட்டம், அதையடுத்துச் சின்ன ரிப்பேர் கடைகளுக்கென்றே ஹைடெகார் திட்டம், 2004க்குப் பிறகு தேசிய சிஎஃப்சி ஒழிப்புத் திட்டம் என்று வரிசையாக வந்தன. நல்ல மனிதர்கள் உழைத்த திட்டங்கள். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்ச்சிச் செயல்திட்டமும் 2022-23க்குள் ஒரு லட்சம் டெக்னீஷியன்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் என்று இலக்கு வைத்தது. ஆனால் பயிற்சிக்குப் போகிற நாள் சம்பாத்தியமில்லாத நாள். ஆர்.கே.பேட்டையில் ஒரே ஆளாகக் கடை நடத்துகிறவர், மே மாதத்தில், போன் ஓயாமல் அடிக்கிறபோது, கடையைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போவாரா? சான்றிதழைக் காட்டினால் ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிற வாடிக்கையாளர் எத்தனை பேர்?

*

நியாயம் என்ற சொல் ஓசோன் கதையில் இல்லாமல் இல்லை. அதைக் கொண்டுவந்ததில் இந்தியாவுக்கே பெரும் பங்கு உண்டு. 1990 ஜூனில் லண்டனில் கூட்டம். அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி தலைமையில் போன இந்தியக் குழுவும் சீனமும் பிடித்த பிடி: ஓட்டை போட்டது நீங்கள், மாற்றுகிற செலவை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? பணம் கொடுங்கள், தொழில்நுட்பம் கொடுங்கள். அந்தக் கூட்டத்தில்தான் பன்னாட்டு நிதியம் பிறந்தது. முதல் மூன்று வருஷத்துக்கு 160 மில்லியன் டாலர், இந்தியாவும் சீனமும் சேர்ந்தால் 240 மில்லியன் என்று பேசி முடித்தார்கள். 1992 ஜூனில் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அடுத்து வந்த பருவநிலைப் பேச்சுகளில் எல்லாம் ஏழை நாடுகள் எடுத்துக்காட்டியது இந்த லண்டன் நியாயத்தைத்தான். 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் எழுதிய ‘குளோபல் வார்மிங் இன் அன் அன்ஈக்வல் வேர்ல்ட்’ என்ற சிறு நூல், ஆடம்பரப் புகையையும் பிழைப்புப் புகையையும் ஒரே தராசில் நிறுக்காதே என்று சண்டை போட்டது. நாம் பெருமைப்பட வேண்டிய வாதங்கள்.

என் விமர்சனம் இங்கேதான். அந்த நியாயம் விமான நிலையத்தில் இறங்கியதும் எங்கே போயிற்று? நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் கேட்ட கேள்வியை, நாட்டுக்குள் தொழிற்சாலைக்கும் தெருவோரக் கடைக்கும் இடையில் யாரும் அதே குரலில் கேட்கவில்லை. உற்பத்தியை நிறுத்தியவருக்கு நஷ்டஈடு என்பது கொள்கையாக ஏற்கப்பட்டது. கைத்தொழிலை மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியவருக்கு நஷ்டஈடு என்ற யோசனையே எழவில்லை. அவருக்குக் கிடைத்தது ‘விழிப்புணர்வு’.

இதைவிடக் கூர்மையான ஒரு உதாரணம் உண்டு. ஆர்-22 தயாரிக்கும்போது கழிவாக ஹெச்எஃப்சி-23 என்று ஒரு வாயு வரும். கரியமில வாயுவைவிடப் பதினாலாயிரம் மடங்குக்கு மேல் வெப்பமாக்குவது. 2000களின் நடுவில், கியோட்டோ ஏற்பாட்டின்கீழ், இந்தக் கழிவை எரித்து அழித்தால் கார்பன் கிரெடிட் கிடைத்தது. இந்தியாவிலும் சீனத்திலும் ஆர்-22 கம்பெனிகள் அதில் நல்ல பணம் பார்த்தன. எரிப்பதற்கு ஆன செலவைவிட வரவு பல மடங்கு என்று விமர்சனம் எழுந்து, 2013இல் ஐரோப்பா அந்தக் கிரெடிட்டை வாங்குவதை நிறுத்தியது. 2016 அக்டோபரில் இந்திய அரசு, கம்பெனிகள் தங்கள் செலவிலேயே அதை அழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சரி. இப்போது ஆர்.கே.பேட்டைக்கு வாருங்கள். ஒன்றரை டன் பழைய ஏசி ஒன்றில் சுமார் ஒரு கிலோ ஆர்-22 இருக்கும். ஒரு கிலோ வெளியே போனால் 1,810 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமம். ஏறக்குறைய 780 லிட்டர் பெட்ரோல் எரித்த மாதிரி. ஒருவர் தினம் பைக்கில் திருத்தணி போய் வந்து வருஷக்கணக்கில் ஓட்டினால்தான் அவ்வளவு பெட்ரோல் செலவாகும். அதை அரை நிமிஷத்தில் காற்றில் விடாமல், பொறுமையாக ஒரு சிலிண்டரில் பிடித்து வைக்கிற மெக்கானிக்குக் கிடைப்பது என்ன? ஒன்றுமில்லை. நஷ்டம்தான். மீட்பு மெஷின் விலை, அரை மணி நேரம், பிடித்த கேஸை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்ற கேள்வி. கம்பெனி அழித்தால் கிரெடிட், மெக்கானிக் பிடித்தால் சொந்தச் செலவு. அவர் கேஸை வெளியே விடுகிறார் என்று குறை சொல்கிற கட்டுரைகள் இந்த வாக்கியத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும்.

பழைய பிரிட்ஜ் கடைசியில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகிறது. செம்புக் குழாய்க்கு விலை உண்டு, கேஸுக்கு விலை இல்லை. ஆகவே குழாயை நறுக்குவார்கள். 2022ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளில் பிரிட்ஜும் ஏசியும் இருக்கின்றன. தயாரித்தவரே திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு வழி பண்ண வேண்டும் என்பது 2023 ஏப்ரலிலிருந்து நடைமுறை. ஆனால் எடைக்குப் போடுகிறவருக்கு நாலு காசு தருகிறவர் வண்டியில் மைக் கட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வருகிறார். விதி வாசலுக்கு வருவதில்லை.

*

ஒரு மறுப்பு வரலாம். ‘முழுச் சங்கிலியையும் கண்காணிக்க முயன்றிருந்தால் ஒப்பந்தமே நடந்திருக்காது. குழாயை மேலே மூடியதால்தான் கீழே தானாகவே வற்றியது.’ வலுவான மறுப்பு. பாதிக்கு மேல் ஏற்றுக்கொள்கிறேன். சிஎஃப்சி விஷயத்தில் அதுதான் நடந்தது. பழைய பிரிட்ஜ்கள் செத்தன, உள்ளே இருந்தது காற்றில் கலந்தது, புதிதாக வரவில்லை. வானம் பொறுத்துக்கொண்டது.

ஆனால் மேலே மூடினால் போதும் என்ற நம்பிக்கைக்கும் அடி விழுந்திருக்கிறது. 2018இல் ஒரு ஆய்வு: எங்கும் தயாரிக்கவே கூடாத சிஎஃப்சி-11 காற்றில் எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை, யாரோ புதிதாக விடுகிறார்கள். அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனத்திலிருந்து வருகிறது என்று அடுத்த வருஷம் கண்டுபிடித்தார்கள். ஃபோம் செய்கிற வேலைக்கு அது மலிவு. காகிதத்தில் பூஜ்யம், காற்றில் பூஜ்யம் இல்லை. இன்னொரு பக்கம், 2011இல் கப்பல் குளிர்ப் பெட்டகங்கள் சில வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். 134ஏ என்ற பெயரில் வந்த போலிச் சரக்கில் மெத்தில் குளோரைடு கலந்திருந்தது. மிட்ஜ்லிக்கு முன்பு ஆளைக் கொன்ற அதே பழைய வாயு, கள்ளச் சிலிண்டரில் திரும்பி வந்தது. சரக்குக்குத் தட்டுப்பாடும் விலையும் ஏறும்போது போலி வரும், அதை முதலில் திறப்பவர் கடைசிப் படியில் இருப்பவர்.

அடுத்த கட்டம் இன்னும் பெரியது. ஆர்-22இன் கணக்கைப் பாருங்கள். நம்மைப் போன்ற நாடுகளுக்கு 2025இல் 67.5 சதவீதக் குறைப்பு, 2030இல் முடிவு. 2025 தொடக்கத்திலிருந்து இந்தியாவில் புது மெஷினில் அதைப் போட்டுத் தயாரிக்கக்கூடாது. 2030க்குப் பிறகு பத்து வருஷத்துக்குப் பழைய மெஷின் ரிப்பேருக்கு மட்டும் சராசரியாக 2.5 சதவீதம் விட்டு வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர்களின் மொழியில் இதற்குப் பெயர் ‘சர்வீசிங் டெயில்’, சர்வீஸ் வால். இவ்வளவு பெரிய பிரதியில் ஆர்.கே.பேட்டை மெக்கானிக் ஏறக்குறைய நேரடியாக வருகிற இடம் இதுதான். வாலாக வருகிறார்.

ஆர்-22க்கு மாற்றாக வந்த ஹெச்எஃப்சிகள் ஓசோனைத் தொடாதவை, ஆனால் பூமியைச் சூடாக்குபவை. 410ஏ ஆர்-22ஐவிட அதிகமாகவே சூடாக்கும். அதற்காக 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலியில் திருத்தம். இந்தியா 2021இல் ஏற்றது. நமக்கான அட்டவணை: 2024, 2025, 2026 மூன்று வருஷத்தின் சராசரியை வைத்து அடிப்படை அளவு, 2028இல் உறையவைப்பு, 2032இல் பத்து சதவீதக் குறைப்பில் தொடங்கி, 2047இல் 85 சதவீதம். இதற்கிடையில் நாட்டின் குளிர்ச்சித் தேவை இருபது வருஷத்தில் எட்டு மடங்காகும் என்று மத்திய அரசின் அதே செயல்திட்டம் சொல்கிறது. சிஎஃப்சி காலத்தில் பிரிட்ஜ் கொஞ்சம் வீட்டில்தான் இருந்தது. இனி ஆர்.கே.பேட்டையிலும் தெருவுக்குப் பத்து ஏசி தொங்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கிலோ. ‘தானாக வற்றட்டும்’ என்று இந்த முறை விட முடியாது. வற்றுவது என்றால் காற்றில் போவது என்றுதான் அர்த்தம்.

2022 கடைசியில் பன்னாட்டு நிதியம், மெஷின்களுக்குள் தேங்கிக் கிடக்கும் வாயுவைக் கணக்கெடுக்கவும் அதற்குத் திட்டம் போடவும் நாடுகளுக்குப் பணம் தர முடிவு செய்தது. முப்பத்தைந்து வருஷம் கழித்து ‘நுகர்வு’ என்ற சொல்லுக்கு வெளியே கிடந்ததைப் பிரதி திரும்பிப் பார்க்கிறது. இது நல்ல தொடக்கம். இந்தக் கணக்கெடுப்பு டெல்லியில் ஒரு அறிக்கையாக முடியுமா, அல்லது பஜார் தெருவில் ஒரு விலைப்பலகையாக வந்து நிற்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய செம்பு கிலோ இவ்வளவு என்று எழுதுகிற பலகையில், பிடித்த கேஸ் கிலோ இவ்வளவு என்றும் ஒரு வரி. வட்டத்துக்கு ஒரு மீட்பு மெஷின், வாடகைக்கு. பயிற்சி நாளுக்கு ஒரு நாள் கூலி. சின்ன விஷயங்கள், 82 மில்லியன் டாலர் பேசியவர்களுக்குப் பேசக் கூச்சமாக இருக்கும் அளவுக்குச் சின்னவை.

எழுதுகிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. குடை, ஓட்டை, ஒப்பந்தம் என்ற பழைய உருவகங்களைக் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வைக்கலாம். குடையில் ஓட்டை என்றால் மேலே பார்ப்போம், யாராவது தைப்பார்கள் என்று நிற்போம். பார்க்க வேண்டியது மேலே இல்லை. அடுத்த செப்டம்பர் 16க்கு ஓசோன் பற்றிக் கட்டுரை கேட்டு வருகிற ஆசிரியர்கள், விஞ்ஞானியிடம் பேசிய பிறகு ஒரு மெக்கானிக்கிடமும் பேசச் சொல்லலாம். எத்தனை வகை கேஸ் வாங்கி வைத்திருக்கிறீர்கள், எது எதற்கு என்று யார் சொல்லிக் கொடுத்தது, குழாயை வெட்டும்போது என்ன பண்ணுவீர்கள் என்று மூன்று கேள்வி போதும். 2047 வரைக்குமான அட்டவணை நிறைவேறுமா என்பதற்கு அவர் சொல்லும் பதிலில் பாதி விஷயம் இருக்கும்.